மாதவிலக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்: பிரசவத்துக்குப் பிறகு எந்தக் கருத்தடை யாருக்கு?

என் தங்கைக்கு இது எட்டாவது மாதம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். போன வாரம் சாயங்காலம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்: "அக்கா, குழந்தை பிறந்து எத்தனை மாசம் கழிச்சுத் தீட்டு வரும்? அது வர்ற வரைக்கும் பயமில்லைல்ல?"

முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

மூத்தவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த காலம். மாதவிலக்கு வரவே இல்லை. "பால் கொடுக்கிறவளுக்குப் பிள்ளை நிக்காது" என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். ஏழாம் மாதம் ராகிக் கூழ் ஆரம்பித்தோம். பத்தாம் மாதம் தாண்டியதும் அவள் மார்பில் வாய் வைத்த உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். பால் வற்றுகிறது, சாப்பாடு பழகிவிட்டாள் என்று நினைத்தேன். காலையில் குமட்டல் வந்தபோதுதான் சந்தேகம் தட்டியது. ஸ்கேனில் 12 வாரம் என்றார்கள். மூத்தவள் பிறந்ததற்கும் இளையவன் வயிற்றில் வந்ததற்கும் நடுவில் எனக்கு ஒரு தடவைகூட மாதவிலக்கு வரவில்லை. இரண்டு பேருக்கும் 17 மாதம்தான் வித்தியாசம்.

மூத்தவளுக்கு அதற்குப் பிறகு எடையே ஏறவில்லை. "பிள்ளை சவலை பாஞ்சிடுச்சு" என்றாள் பாட்டி. அடுத்த பிள்ளை சீக்கிரம் வந்து, தாய்ப்பால் நின்று, மூத்த குழந்தை வாடிப்போவதற்கு நம் மொழியில் தனியாக ஒரு சொல்லே இருக்கிறது. எத்தனை தலைமுறையாக இது நடந்துகொண்டிருக்கிறது என்று அதிலிருந்தே தெரியவில்லையா? ஆனால் சவலை பாய்ந்த பிறகு பிள்ளையைத் தேற்றத் தெரிந்த நம் வீடுகளில், அதை எப்படித் தடுப்பது என்று மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை.

தங்கைக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். குழந்தை சப்பிக் குடிக்கும்போது தாயின் மூளையிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அதே சப்புதல்தான் கருமுட்டையைத் தூண்டும் ஹார்மோன்களையும் அடக்கி வைக்கிறது. சப்புவது குறையக் குறைய அந்தப் பிடி தளரும். ஒரு நாள் முட்டை வெளியாகும். அந்த முட்டை கருவாகாவிட்டால் சுமார் இரண்டு வாரம் கழித்து மாதவிலக்கு வரும். கருவாகிவிட்டால் வராது. அதாவது முட்டை முன்னால் வருகிறது, ரத்தம் பின்னால் வருகிறது. பிரசவத்துக்குப் பிறகு வரும் முதல் சில மாதவிலக்குகள் முட்டை இல்லாமலும் வரலாம் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு தாமதமாக வருகிறதோ, அதற்கு முன்னால் முட்டை வந்திருக்கும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம். மாதவிலக்கு வந்ததும் கருத்தடையைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது, கன்று ஓடிய பிறகு தொழுவத்துக் கதவைச் சாத்துகிற மாதிரி.

பால் கொடுக்காத தாய்க்குப் பிரசவமான 25ஆம் நாள் வாக்கிலேயே முட்டை வரலாம். ஆறு, எட்டு வாரத்துக்குள் பெரும்பாலும் மாதவிலக்கு வந்துவிடும். பால் கொடுப்பவர்களுக்கு இதற்குக் கணக்கே கிடையாது. சிலருக்கு மூன்றாம் மாதம், சிலருக்கு ஒரு வருடம் கழித்து. பிரசவம் முடிந்து சில வாரங்கள் போகிற உதிரப்போக்கு இதில் சேராது, அது கர்ப்பப்பை சுத்தமாவது.

இடைவெளி எவ்வளவு வேண்டும்? ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் நடுவில் குறைந்தது 24 மாதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிசேரியன் ஆனவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தையல் போட்ட கர்ப்பப்பை ஆறுவதற்குள் மறுபடி சுமந்தால், அடுத்த பிரசவ வலியில் அந்தத் தழும்பு பிரியும் அபாயம் கூடுகிறது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன்.

சரி, இப்போது வழிகளைப் பார்ப்போம். தாய்ப்பாலிலிருந்தே தொடங்குகிறேன். அது பொய் இல்லை, அதற்கு நிபந்தனை உண்டு, அவ்வளவுதான். 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய நிபுணர்கள் இதை வரையறுத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமல் இருக்க வேண்டும். மாதவிலக்கு வந்திருக்கக் கூடாது. குழந்தை தாய்ப்பால் மட்டும், அல்லது ஏறக்குறைய தாய்ப்பால் மட்டும் குடிக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் 98 சதவிகிதத்துக்கு மேல் பாதுகாப்பு. மூன்றில் ஒன்று உடைந்தாலும் அன்றைக்கே வேறு வழிக்கு மாற வேண்டும். பகலில் நாலு மணி நேரத்துக்கு மேல், இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது.

நான் எழுத நினைத்ததிலேயே முக்கியமானது இங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில். மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்து, நல்ல நாள் பார்த்து, சீர் வைத்துக் குழந்தையோடு புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தாய்ப்பால் முழுப் பாதுகாப்பும் கொடுக்கிற அந்த மாதங்களில் கணவன் வேறு ஊரில் இருக்கிறான். இவள் திரும்பிப் போகிற நேரத்தில்தான் ஆறு மாதம் நெருங்குகிறது. பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தொடங்குவார்கள். மருமகள் அசந்து தூங்கட்டும் என்று மாமியார் அன்பாகவே குழந்தையைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு, இரவில் பாலாடையில் பசும்பால் புகட்டுவார். தனியார் வேலையில் இருப்பவளுக்குச் சட்டப்படி உள்ள 26 வார விடுப்பும் அதே சமயத்தில் முடியும். பகலெல்லாம் பிள்ளை மார்பில் இல்லை. பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போனாலும், குழந்தை நேராகச் சப்புவதற்கு அது ஈடாகாது. ஆக, பாதுகாப்பு தேவைப்படாத காலத்தில் இருக்கிறது, தேவைப்படும்போது கைவிடுகிறது. அதனால்தான் தாய்ப்பாலை ஒரு பாலமாக மட்டும் பாருங்கள் என்கிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

அடுத்தது காப்பர் டி, கர்ப்பப்பைக்குள் வைக்கிற செம்பு சுற்றிய சின்னக் கருவி. இளையவன் பிறந்த பிறகு நான் வைத்துக்கொண்டது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் இலவசம். 380ஏ என்ற வகை 10 ஆண்டு வரை, 375 என்ற வகை 5 ஆண்டு வரை வேலை செய்யும். செம்பிலிருந்து கசிவது விந்தணுவைச் செயலிழக்க வைக்கிறது. ஹார்மோன் எதுவும் இல்லாததால் பாலுக்கு ஒன்றும் ஆகாது. 100 பேர் ஒரு வருடம் வைத்திருந்தால் கரு தங்குவது ஒருவருக்கும் குறைவு. எடுத்த உடனே பழையபடி கருத்தரிக்கலாம்.

வைப்பதற்கு இரண்டு நேரம் உண்டு. ஒன்று, குழந்தை பிறந்து 48 மணி நேரத்துக்குள், நஞ்சுக்கொடி விழுந்த கையோடு வைத்தால் இன்னும் நல்லது. சிசேரியன் என்றால் வயிற்றைத் தைக்கும் முன்பே வைத்துவிடலாம். அதைத் தவறவிட்டால் ஆறு வாரம் கழித்துத்தான். பிரசவத்தோடு வைப்பதில் ஒரு குறை இருக்கிறது. கர்ப்பப்பை சுருங்கும்போது அது தானாக வெளியே வந்துவிடும் வாய்ப்பு, பின்னால் வைப்பதைவிட அதிகம். அதனால் ஆறாம் வாரம் கட்டாயம் போய்க் காட்ட வேண்டும். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, ரத்தப்போக்கு அடங்காமல் இருந்தாலோ அப்போது வைக்க மாட்டார்கள்.

ஆறு வாரம் கழித்து வைப்பதா, பிரசவத்தோடு வைப்பதா என்றால், என் ஓட்டு பிரசவத்தோடு வைப்பதற்கே. ஆறு வாரத்தில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அதற்காகவே ஒரு நாள் ஒதுக்கி, ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண் எத்தனை பேர்? நானே மூன்று முறை நாள் குறித்துத் தள்ளிப்போட்டேன். ஒரு தடவை குழந்தைக்குத் தடுப்பூசிக் காய்ச்சல். ஒரு தடவை கூட வர ஆள் இல்லை. மூன்றாம் தடவை, "தீட்டு வந்த பிறகு வாம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது தவறான பதில் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கரு இல்லை என்று உறுதியானால் போதும், மாதவிலக்கு வராமலே காப்பர் டி வைக்கலாம். ஊசியும் மாத்திரையும்கூட அப்படித்தான். ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் வராமல் இருந்தால், கரு இல்லை என்பதற்கு அதுவே போதுமான அடையாளம். உங்களையும் இப்படித் திருப்பி அனுப்பினால், சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்க்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

காப்பர் டி-யின் தொல்லை, முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் மாதவிலக்கு கூடுதலாகப் போவது, வயிற்றை இழுத்துப் பிடிப்பது. எனக்கு நாலு மாதம் அப்படி இருந்தது, அப்புறம் அடங்கிவிட்டது. துரு பிடிக்கும், நெஞ்சுக்கு ஏறிவிடும் என்றெல்லாம் பயமுறுத்துவார்கள், நம்ப வேண்டாம். ஆனால் ரத்தசோகை கடுமையாக இருந்தால் யோசிக்க வேண்டும். அதே தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று வருகிறது. அதனால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று தெரியாமல் முடிவெடுக்காதீர்கள்.

ரத்தம் குறைவாக இருக்கிறது, அல்லது உள்ளே எதையும் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை என்றால், அந்தரா ஊசியும் சாயா மாத்திரையும் இருக்கின்றன. இரண்டுமே அரசு மருத்துவமனையில் இலவசம். இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். வேலை செய்யும் விதத்தில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அந்தரா என்பது மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. 2017இல் அரசுத் திட்டத்தில் வந்தது. புரோஜெஸ்டரோன் வகை ஹார்மோன், பாலைக் குறைக்காது. பால் கொடுப்பவர்களுக்கு ஆறு வாரத்திலிருந்து போடலாம். தினமும் நினைவில் வைக்க வேண்டிய வேலை இல்லை. வீட்டில் யாருக்கும் தெரியாமலும் போட்டுக்கொள்ள முடியும். எல்லாருடைய வீடும் ஒன்று போல இல்லையே, சில பெண்களுக்கு இது பெரிய விஷயம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஒத்தடமும் கொடுக்கக் கூடாது. மருந்து சீக்கிரம் கரைந்துவிடும். நம் அம்மாக்கள் ஊசி என்றதும் வெந்நீர்த் துண்டோடு வந்துவிடுவார்கள், முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

இதில் மாதவிலக்கு தாறுமாறாகும். முதலில் சொட்டுச் சொட்டாக நாள்கணக்கில் படும், போகப்போக நின்றே போகும். கெட்ட ரத்தம் உள்ளே தேங்குகிறது என்று பயப்பட வேண்டாம். தேங்க அங்கே ஒன்றும் இல்லை, உள்சுவர் மெலிந்திருப்பதால் வரவில்லை. ரத்தசோகை உள்ளவர்களுக்கு இது லாபம்தான். ஆனால் மாதவிலக்கு தள்ளிப்போனாலே தூக்கம் கெடுகிறவர்களுக்கு இந்த ஊசி சரிப்படாது. இன்னொன்றும் இருக்கிறது. நிறுத்திய உடனே கரு தங்காது. கடைசி ஊசி போட்டதிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். குழந்தைக்கு இரண்டு வயதானதும் அடுத்தது வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட வேண்டும். இல்லாவிட்டால் ஊசியை நிறுத்தி ஆறு மாதம் ஆகியும் ஒன்றும் இல்லை என்று கோயில் கோயிலாக அலைய வேண்டி வரும்.

சாயா மாத்திரையில் ஹார்மோன் இல்லை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த சென்ட்குரோமன் என்ற மருந்து. மருந்துக் கடைகளில் சஹேலி என்ற பெயரில் 1991லிருந்து இருக்கிறது. பால் கொடுப்பவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால் அடுத்தது புதன். மூன்று மாதம் கழித்து ஞாயிறு மட்டும். என் நாத்தனார் சமையலறை மாதக் காலண்டரில் ஞாயிறையும் புதனையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். மாத்திரை போட்டதும் வட்டத்துக்குள் ஒரு கோடு. பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் வந்த தேதி எல்லாம் அதே காலண்டரில்தான். இரண்டு வருடம் ஒரு மாத்திரைகூடத் தவறவில்லை.

அப்படி ஒழுங்காக இருக்க முடியும் என்றால் சாயா அருமையானது. தவறவிட்டால் பாதுகாப்பும் போகும். நினைவு வந்த உடனே ஒன்றைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நாளைக்கு ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். ஏழு நாளுக்கு மேல் விட்டுப்போனால் வாரம் இரண்டு என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) இருப்பவர்களுக்கும், மஞ்சள் காமாலையோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்கும் இது ஆகாது. நிறுத்தினால் அந்தரா போல நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை.

மாலா-என் போன்ற தினசரி மாத்திரைகளைப் பால் கொடுப்பவர்கள் முதல் ஆறு மாதம் தொடக் கூடாது. அவற்றில் உள்ள ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பாலைக் குறைக்கும். பிரசவமான முதல் சில வாரங்களில் ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. பக்கத்து வீட்டுப் பெண் கொடுத்தாள் என்று வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆணுறை சரியாகப் பயன்படுத்தினால் நல்லதுதான். ஆனால் நிஜ வாழ்க்கையில் வருடத்துக்கு 100க்கு 13 பேருக்குக் கரு தங்கிவிடுகிறது. 'பார்த்து இருந்துக்கலாம்' என்று கணவன் கடைசி நேரத்தில் விலகிக்கொள்கிற வழியில் 20 பேருக்கு. புகுந்த வீட்டுக்குப் போகும் முதல் நாள் பையில் ஆணுறை இருக்கட்டும், வேறு வழி தொடங்கும் வரை அது போதும். இரண்டு வருடத்துக்கும் அதையே நம்புவதென்றால் கணவனின் பொறுப்புணர்வைப் பற்றி உங்களுக்கே தெரியும்.

குடும்பம் நிறைந்துவிட்டவர்களுக்கு ஆபரேஷன். இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் செய்துகொள்பவர்கள் ஆயிரத்துக்கு ஒருவர் தேறுவதே கஷ்டம். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். சுகப்பிரசவம் என்றால் ஏழு நாளுக்குள் செய்கிறார்கள், சிசேரியன் என்றால் அதோடு சேர்த்தே. ஆணுக்குத் தையலே இல்லாமல் சில நிமிடத்தில் முடிந்து, அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். தோல்வியும் குறைவு. ஒன்றே ஒன்று, விந்தணு முழுதாகக் காலியாக மூன்று மாதம் ஆகும், அதுவரை வேறு பாதுகாப்பு வேண்டும். ஆண்மை போகும், பாரம் தூக்க முடியாது என்பதெல்லாம் வெறும் பயம். சிசேரியன் நடக்கும்போதே மனைவிக்குச் செய்வது நியாயம், தனியாக இன்னொரு அறுவை இல்லை. மற்றபடி இரண்டு பிள்ளையைச் சுமந்து பெற்ற உடம்பை மூன்றாவதாக மேசையில் கிடத்துவதைவிடக் கணவன் போவதே முறை. இவ்வளவு தெளிவான விஷயத்தில் நாம் இன்னும் தயங்குவது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

எந்த வழியானாலும், பிரசவ வலியில் இருக்கும்போது கேட்டுக் கையெழுத்து வாங்குவது சரியில்லை. அந்த நேரத்தில் எந்தப் பெண்ணும் எதற்கும் தலையாட்டுவாள். ஏழு, எட்டு, ஒன்பதாம் மாதச் செக்கப்பிலேயே நீங்களாகப் பேச்செடுங்கள். டாக்டர் அவசரத்தில் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், நிதானமாகச் சொல்வார்கள். முடிவைத் தாய்சேய் அட்டையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

தங்கையின் கணக்கு இப்படிப் போகிறது. மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, மாதம் ஒரு முறைதான் வருவார். குழந்தைக்கு ஐந்தாம் மாதம் அவள் அங்கே போகிறாள். அடுத்த பிள்ளை மூன்று வருடம் கழித்துத்தான் என்று இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 11.2. மூன்று வருட இடைவெளி, ரத்தம் பரவாயில்லை, கணவன் வருகிற நாளில் மட்டும் நினைவு வைத்துக்கொள்கிற வழிகளில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் பிரசவத்தோடு காப்பர் டி என்றேன். பனிக்குடம், காய்ச்சல் என்று ஏதாவது காரணத்தால் வைக்க முடியாமல் போனால், ஆறாம் வாரம் வரை காத்திருக்காமல் சாயா. அவளுக்கு பிசிஓஎஸ் இல்லை என்பதை டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்தராவை நான் சொல்லவில்லை. மாதவிலக்கு நாலு நாள் தள்ளினாலே அழுகிறவள் அவள்.

கீரை முழுவதும் உருவி முடித்திருந்தாள். "அம்மாகிட்ட நீதான் சொல்லணும்" என்றாள். அன்று இரவே சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன் நேரத்துல எனக்கு இதெல்லாம் தெரியாமப் போச்சேடி" என்றாள். வெள்ளிக்கிழமை செக்கப்புக்கு மூன்று பேரும் சேர்ந்து போகிறோம்.